திருகின் ஆட்டமும் கணினியின் கணக்கும்

உலோகத்தை உருவாக்கும் கருவிகளுள் தலையாயவை இரண்டு. ஒன்று கடைசல் இயந்திரம். மற்றொன்று மில்லிங் எனப்படும் துருவல் இயந்திரம். முன்னதில் பொருள் சுழலும். கருவி அதன்மேல் படியும். பின்னதில் கருவி சுழலும். பொருள் அதனை நோக்கி நகரும். சந்தைக் கடைகளில் சுழலும் பல்லின்மீது தேங்காய் மூடியை அழுத்தித் துருவுவதைக் கண்டவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். மூடியை அழுத்தும் கைக்கு மாறாக, துருவல் இயந்திரத்தில் ஒரு மேசை உண்டு. அம்மேசையை இடவலமாகவும் முன்பின்னாகவும் திருகுதண்டுகள் நகர்த்துகின்றன. கருவி தாங்கிய தலை மேலும் கீழும் இயங்கும்.

இவ்வியந்திரத்தைக் கையால் இயக்குவது நெடுங்கால வழக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு இரும்பு வேலை இருப்புப் பாதையோடு நெருங்கிய தொடர்புடையது. கோலாலம்பூரையும் கிள்ளானருகே புக்கிட் கூடாவையும் இணைத்த பாதை 1886-இல் திறக்கப்பட்டது. பின்னர்ச் செந்தூலில் இரயில்வே மத்தியப் பட்டறை எழுந்தது. பிரிக்பீல்ட்சில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் அமைந்தன. இரயில்வேப் பணியில் தமிழர் பலர் வாழ்நாளைக் கழித்தனர். பட்டறை வேலையின் நுட்பம் ஏட்டில் தங்குவதைவிடக் கையில் தங்குவதே மிகுதி.

கைக்குரிய அவ்வேலையை எண்ணுக்கு உரியதாக்கும் முயற்சி அமெரிக்காவில் தோன்றியது. எலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாக வெட்ட விரும்பிய ஜான் பார்சன்ஸ் என்பவர், வளைவைப் புள்ளிகளாகப் பகுத்து எண்களாகக் குறிக்கும் வழியைக் கண்டார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவ்வழியை வளர்த்து, துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கும் துருவல் இயந்திரமொன்றை 1952-இல் செய்து காட்டியது. நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் கொண்ட அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பெரும் இடத்தை அடைத்தன. இன்று அவ்வேலையை உள்ளங்கையளவுச் சுற்றட்டை ஒன்று செய்கிறது. நார்வேயரான சிமென் ஸ்வாலே ஸ்கொக்செத் 2009-இல் வெளியிட்ட ‘கர்பிள்’ எனும் நிரல், ‘ஆர்டுயினோ’ என்னும் சிறு அட்டையிலேயே இயங்குவது. ஆகவே, மேசைமேல் வைக்கத்தக்க சிறு துருவல் இயந்திரத்தை வீட்டிலேயே சி.என்.சி. ஆக்குதல், அதாவது கணினியின் எண்வழிக் கட்டுப்பாட்டிற்குக் கொணர்தல், தனி மனிதர்க்கும் இயல்வதாயிற்று.

முறை எளியதே. கைச்சக்கரங்களைக் கழற்றி, அவ்விடங்களில் ‘ஸ்டெப்பர்’ மோட்டார்களைப் பொருத்த வேண்டும். இம்மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகப் பகுத்துச் சுழல்வது. மின்னியக்கி ஒவ்வொரு படியையும் எட்டாகப் பகுத்தால், ஒரு சுற்றுக்கு 1600 நுண்படிகள். திருகுதண்டு ஒரு சுற்றில் மேசையை 5 மில்லிமீட்டர் நகர்த்துமாயின், ஒரு மில்லிமீட்டருக்கு 320 நுண்படிகள் ஆகும். கணினிக்கு இந்த 320 எனும் எண்ணைக் கொடுத்துவிட்டால், பிறவெல்லாம் பெருக்கலும் வகுத்தலுமே.

ஆனால், இடர் கணக்கில் இல்லை, திருகில் உள்ளது. திருகுதண்டுக்கும் அதன்மேல் ஓடும் மரைக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. இதனையே பட்டறையில் ‘ஆட்டம்’ என்பர். வலமாகச் சுற்றிய சக்கரத்தை இடமாகத் திருப்பினால் மேசை உடனே நகராது. இடைவெளி கடந்த பின்னரே நகரும். அந்த ஆட்டம் 0.1 மில்லிமீட்டராயின், 32 நுண்படிகள் வீணாகும். தேர்ந்த தொழிலாளி இதனை அறிவார். வேண்டிய அளவைக் கடந்து பின்வாங்கி, எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவை நெருங்குவார். கணினிக்கு இவ்வறிவு இல்லை. படியை அனுப்பியவுடன் மேசை நகர்ந்ததாகவே அது நம்பும்.

இக்குறையைக் காட்டும் எளிய சோதனை வட்டம் வெட்டுதல். வட்டத்தின் நான்கு இடங்களில் ஏதேனும் ஒரு திருகு திசை மாறுகிறது. ஆட்டம் இருப்பின், அந்நான்கிடங்களிலும் வட்டம் சிதைந்து சிறு தட்டையோ படியோ தோன்றும். நிரலில் ஆட்டத்தின் அளவைக் கொடுத்து ஒருவாறு ஈடுகட்டலாம். எனினும், சுழலும் கருவி மேசையைத் தன்பக்கம் இழுக்கும் வெட்டில், அந்த இடைவெளியளவு மேசை திடீரெனத் தாவும். கருவி ஒடியவும் கூடும். ஆதலின், மணிகள் உருளும் ‘பால்’ திருகை முன்னழுத்தத்துடன் பொருத்துவதே உறுதியான தீர்வு. அதற்கும் ஒரு விலை உண்டு: உராய்வு குறைந்ததால், மின்சாரம் நின்றதும் கனத்த தலை தானே கீழிறங்கலாம். இதற்குத் தடையோ எதிர்எடையோ வேண்டும்.

மற்றொரு குறையும் உண்டு. சுமை மிகுந்து சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் படியைத் தவறவிட்டாலும், கட்டுப்பாட்டு அட்டை அதனை அறியாது. அதன்பின் வரும் வெட்டுகளெல்லாம் இடம் மாறும். சுழற்சியை அளந்து திருப்பியறிவிக்கும் உணரி பூட்டிய மோட்டார் இத்தவற்றைப் பெரும்பாலும் நீக்கும்.

எனவே, மோட்டார் வாங்குமுன் டயல் அளவியைக் கொண்டு ஆட்டத்தை அளத்தலும், மேசை ஓடும் தடங்களைச் சரிக்கட்டுதலும் முதற்பணிகளாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் வார்ப்பிரும்பு விரைவில் துருவேறும். எண்ணெய்ப் பூச்சு தவறலாகாது. வீட்டு மின்னோட்டம் உயிரைப் பறிக்கவல்லது. ஆகவே நில இணைப்பும், கைக்கெட்டும் அவசர நிறுத்தப் பொத்தானும், கண்ணாடிக் கவசமும் இன்றியமையாதன.

சில காலம் கையால் வெட்டிப் பழகியவரே இவ்வியந்திரத்தை நன்கு மாற்ற இயலும். ஆட்டத்தைக் கைவிரலால் உணர்ந்தவருக்கே அதனை எண்ணாக எழுதித் தர முடியும். மாணவர்க்கு இக்கலையைக் கற்பிக்க விழைவோர் முதலில் கைச்சக்கரத்தைச் சுற்றச் சொல்லி, மேசை நகராத அச்சிறு இடைவெளியை உணரச் செய்தல் நன்று. பட்டறையில் வாழ்ந்த முதியோர் ‘ஆட்டம்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கி வைத்த அறிவைக் கணினி அறியாது. அதனை அறிந்தவரே அதற்குச் சொல்லித் தர வேண்டும்.