நாலு பேர் விழுந்தார்கள், ஐந்தாமவருக்குத் தங்கம்!

ஆபீஸில் மேலே இருந்த நாலு பேரும் மாற்றலாகியும் ஓய்வு பெற்றும் போய்விட, கடைசி நாற்காலிக்காரருக்குப் பெரிய பதவி கிடைத்தால் பக்கத்து மேஜைகளில் என்ன சொல்வார்கள்? "யோகக்காரன் ஐயா!" என்பார்கள். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஒரு பேச்சு வழக்கு ஏற்பட்டிருக்கிறது. "பிராட்பரி செய்துவிட்டான்" என்கிறார்கள்.

யார் இந்தப் பிராட்பரி?

2002-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், ஐஸ் தரையில் சறுக்கி ஓடும் 1,000 மீட்டர் 'ஷார்ட் டிராக்' பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்றவர் ஸ்டீவன் பிராட்பரி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள எந்த நாட்டுக்கும் அதற்கு முன் குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் கிடைத்ததில்லை.

இந்தப் பந்தயமே ஒரு தினுசானது. ஒரு சுற்று 111 மீட்டருக்குச் சற்று அதிகம். 1,000 மீட்டருக்கு 9 சுற்று. ஆளுக்கொரு தடம் கிடையாது. எல்லோரும் ஒரே வளைவில் நெருக்கியடித்துக் கொண்டு, மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில், உடம்பை இடது பக்கம் சாய்த்து, இடது கை விரல்களால் ஐஸைத் தொட்டபடி திரும்ப வேண்டும். காலணிக்கு அடியில் இருப்பதோ கத்தி போல் தீட்டிய எஃகுத் தகடு. ஒருவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவரையும் வாரிக் கொண்டு போய்விடுவார். சுற்றுச் சுவருக்கு மெத்தை கட்டி வைத்திருப்பது சும்மா அல்ல.

அந்தத் தகட்டின் கூர்மையைப் பிராட்பரியைப் போல் அறிந்தவர்கள் குறைவு. 1994-ல் கனடாவில் மான்ட்ரியல் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், இன்னொரு வீரரின் தகடு அவருடைய வலது தொடையில் பாய்ந்தது. சுமார் 4 லிட்டர் ரத்தம் போய்விட்டது. 111 தையல்! பிழைத்ததே பெரிது. பழைய பலம் திரும்ப ஒன்றரை வருஷம் பிடித்தது. 2000-ம் ஆண்டில் பயிற்சியின்போது தலை குப்புறத் தடுப்பில் மோதி, கழுத்தெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மண்டை ஓட்டில் திருகாணி முடுக்கிய இரும்பு வளையத்தோடு நாட்களைக் கடத்தினார். இனி ஐஸ் பக்கமே போகக் கூடாது என்றார்கள் டாக்டர்கள். மனிதர் போனார்.

சால்ட் லேக் சிட்டிக்கு வந்தபோது அவருக்கு வயது 28. இளைஞர்களின் வேகத்துக்குத் தன்னால் ஈடு கொடுக்க முடியாது, அதுவும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஓட வேண்டியிருக்கும்போது முடியவே முடியாது என்பது அவருக்கே தெரியும். கால் இறுதியில் மூன்றாவதாகத்தான் வந்தார். முதல் இருவருக்குத்தான் இடம். ஆனால் முன்னால் வந்த கனடா வீரர் மார்க் கன்யோன் விதி மீறியதாக நீக்கப்படவே, இவர் உள்ளே நுழைந்தார். அரை இறுதியில் பயிற்சியாளரோடு கலந்து ஒரு முடிவு செய்தார். முண்டியடிக்காமல் பின்னாலேயே போவது. முன்னால் இருப்பவர்கள் மோதிக் கொண்டால் லாபம். அப்படியே மூன்று பேர் விழுந்தார்கள்.

இறுதிப் பந்தயத்திலும் அதே உபாயம். அமெரிக்காவின் அப்போலோ ஓனோ, சீனாவின் லி ஜியாஜுன், தென் கொரியாவின் ஆன் ஹியூன் சூ, கனடாவின் மாத்யூ டர்கோட் ஆகிய நால்வரும் பாய்ந்து கொண்டிருக்க, பிராட்பரி கிட்டத்தட்ட 15 மீட்டர் பின்தங்கி வந்து கொண்டிருந்தார். கடைசி வளைவு. லி ஜியாஜுன் ஓனோவை முந்தப் பார்த்துச் சறுக்கினார். அடுத்த கணம் மற்ற மூவரும் ஒருவர் மேல் ஒருவராகச் சாய்ந்தார்கள். விழாமல் நின்றவர் பிராட்பரி ஒருவரே. கோட்டைக் கடந்து கையைத் தூக்கினார். முகத்தில் ஆனந்தத்தைவிடத் திகைப்பே அதிகம். ஓனோ எழுந்து தட்டுத் தடுமாறி வெள்ளியைப் பிடித்தார்.

இதில் ஒரு வேடிக்கை. பிராட்பரி சறுக்குக் காலணி செய்து விற்கும் சிறு தொழில் நடத்தி வந்தவர். ஓனோவுக்கு இலவசமாகவே காலணி கொடுத்திருந்தார். 1,000 மீட்டரில் ஜெயித்ததும் நம் காலணியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லப்பா என்றும் கேட்டு வைத்திருந்தார். ஓனோதான் ஜெயிப்பார் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை!

வெறும் அதிர்ஷ்டம்தானே என்று கேட்டவர்கள் உண்டு. அந்த ஒன்றரை நிமிஷ ஓட்டத்துக்காக அல்ல, அதற்கு முந்தைய பத்து வருஷ உழைப்புக்காகவே பதக்கத்தை ஏற்றுக் கொள்வதாக அவர் பதில் சொன்னார். 1991-ல் சிட்னியில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், தொடர் ஓட்டத்தில் வென்ற ஆஸ்திரேலியக் கோஷ்டியில் அவரும் ஒருவர். அப்போது வயது 17. 1994-ல் அதே தொடர் ஓட்டத்தில் வெண்கலம். ஆஸ்திரேலியா குளிர்கால ஒலிம்பிக்கில் பெற்ற முதல் பதக்கமே அதுதான். ஆக, குருட்டு யோகத்தில் வந்து நின்ற ஆசாமி அல்ல.

நாலு நாள் கழித்து ஓனோவும் 1,500 மீட்டரில் தங்கம் பெற்றார். அங்கே முதலில் கோட்டைக் கடந்தவர் கொரியாவின் கிம் டோங் சுங். அவரை நடுவர் நீக்கியதால்தான் ஓனோவுக்கு அது வந்தது. கொரியாவில் ஒரே கொந்தளிப்பு. கீழே விழுந்த ஆன் ஹியூன் சூ 2006-ல் இத்தாலியின் டூரின் நகரில் மூன்று தங்கம் வாரிக் கொண்டு போனார். பிராட்பரி 2002-லேயே ஓட்டத்தை நிறுத்திக் கொண்டார். அவர் படம் போட்டு ஆஸ்திரேலியத் தபால் இலாகா 45 சென்ட் தபால் தலை வெளியிட்டது.