மின்காற்றும் மேலெழும் சட்டமும்

நிலாவெளிக் கடலிற் பாய் விரித்தோடும் தோணியைச் செலுத்துவது காற்று. அது கண்ணுக்குப் புலனாகாததாயினும், தோணி தானே ஓடுகின்றதென எவரும் கருதுவதில்லை. ஆயின், சக்கரமோ விசிறியோ இன்றி மேசைமீது மெல்லிய சட்டமொன்று மேலெழக் காணின், அது புவியீர்ப்பையே வென்றுவிட்டதெனக் கற்றோரும் மயங்குதல் உண்டு.

இச்சட்டத்தின் அமைப்பு எளிது. பாரங்குறைந்த மரக்குச்சிகளாலான முக்கோணம். அதன் பக்கங்களைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாள். தாளுக்குச் சில சென்ரிமீற்றர் மேலே மயிரிழை போன்ற கம்பி. இவ்விரண்டிற்குமிடையே 20,000 முதல் 30,000 வோல்ற்று வரையான அழுத்தத்தைக் கொடுப்பின், சில கிராம் நிறையுள்ள சட்டம் எழுந்து, தன்னைப் பிணித்த நூல் இடந்தரும் அளவிற்கு உயர்ந்து நிற்கும். உலகின் பல பாகங்களிலும் பொழுதுபோக்காய்வாளர் இதனைச் செய்து கண்டுள்ளனர்.

இத்தகைய கருவிகளை முன்னர் ஆராய்ந்த அமெரிக்கரான தொமஸ் ரவுன்சென்ட் பிறவுண், 1928ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆக்கவுரிமை பெற்றார். மின்னுக்கும் ஈர்ப்புக்கும் இடையே புதியதொரு தொடர்பைக் கண்டதாகவே அவர் நம்பினார்.

உண்மைக் காரணமோ பழையது. ஏற்றம்பெற்ற பொருளிலிருந்து காற்று வீசுதலை இங்கிலாந்தின் ஹோக்ஸ்பீ 1709ஆம் ஆண்டிலேயே குறித்துள்ளார். மெல்லிய கம்பியைச் சூழ்ந்த மின்புலம் மிக வலியது. அது வளியை அயன்களாக்கும். அவ்வயன்கள் தாளை நோக்கி விரையும்போது இடைப்பட்ட வளி மூலக்கூறுகளை மோதிக் கீழே தள்ளும். வளி கீழிறங்க, அதன் மறுதாக்கத்தாற் சட்டம் மேலெழும். இஃது நியூற்றனின் மூன்றாம் விதியன்றி வேறன்று.

இவ்விளக்கத்தைச் சோதித்தறியலாம். நேர், எதிர் முனைகளை மாற்றினும் சட்டம் மேலேயே எழும். அதனைப் பக்கவாட்டிற் சாய்த்தால், உந்தலும் பக்கவாட்டிலேயே தோன்றும். ஈர்ப்பின் திசையை அது பொருட்படுத்துவதில்லை. வளியை முற்றும் அகற்றிய கலத்திலோ உந்தல் மறைந்துவிடும். தள்ளுதற்கு வளி இல்லாதவிடத்து மேலெழுதலும் இல்லை.

சட்டம் எழுகின்றபோதிலும், தனக்கு மின்னூட்டும் கருவியை அது சுமப்பதில்லை. அக்கருவி நிலத்திலேயே இருக்கும். அக்குறையை நீக்கி, 2018ஆம் ஆண்டில் அமெரிக்க மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தார், தன் மின்கலங்களையும் தானே சுமக்கும் 5 மீற்றர்ச் சிறகுடைய விமானமொன்றை 40,000 வோல்ற்று அழுத்தத்தாற் பறக்கவிட்டனர். ஏறத்தாழ 2.45 கிலோகிராம் நிறையுள்ள அது, உள்ளரங்கொன்றில் 60 மீற்றர் வரை சென்றது. மின்காற்றைக் காற்றெனவே கொண்டு கணித்தமையால் விளைந்த வெற்றி இது.

இவ்வாய்வை விழையும் மாணவர் அறியவேண்டியது மேலும் ஒன்றுண்டு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து பெறும் உயரழுத்தம் உயிர்குடிக்க வல்லது. இணைப்பைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவியில் ஏற்றம் எஞ்சியிருக்கும். நிலாவெளி போன்ற கடலோர ஊர்களில் உப்பும் ஈரமும் படிந்த மரமும் நூலும் மின்னைக் கசியவிடும். தேர்ந்த ஆசிரியரின் மேற்பார்வையின்றி இதிற் கைவைத்தல் தகாது.

சட்டம் எழுவது மெய். அதற்குக் கற்பித்த காரணமே பொய். கண்ட காட்சியையும் கொண்ட கருத்தையும் வேறுபிரித்தறிதலே பௌதிகவியல் பயிற்றும் முதற்பாடமாகும்.