பழைய டாங்கியும் பொதுச் சாலையும்

பிரிட்டனில் தனிமனிதர் ஒருவர் இரண்டாம் உலகப் போர்க்கால டாங்கியை வாங்கி, பதிவு செய்து, சாலையில் ஓட்டலாம். நம்பச் சிரமம்தான், ஆனால் சட்டம் அதைத் தடுக்கவில்லை. 40 ஆண்டு கடந்த வண்டிக்குச் சாலை வரி இல்லை, ஆண்டுத் தகுதிச் சோதனையும் பெரும்பாலும் இல்லை என்று கேள்விப்பட்டதும், மற்ற விதிகளும் இல்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. சலுகை வண்டியின் வயதுக்குத் தரப்படுவது. ஓட்டுபவரின் பொறுப்பில் அது துளியும் குறைப்பதில்லை. பூஜ்ய வரிக்கும் ஆண்டுதோறும் விண்ணப்பித்தாக வேண்டும்.

கார் உரிமம் இங்கே செல்லாது. செயின் பட்டைகளாலேயே திரும்பும் வண்டிக்கு ‘எச்’ என்ற தனிப் பிரிவில் தேர்வு உண்டு. காரணம் எளிது: பொதுவாக ஒரு பக்கப் பட்டையின் வேகத்தைக் குறைத்தோ நிறுத்தியோதான் வண்டியை அந்தப் பக்கம் திருப்ப முடியும், திரும்பும்போது பல டன் எடையோடு பட்டை தாரைப் பிறாண்டும். முன்சக்கரத்தால் திரும்பும் அமெரிக்க எம்3 அரைப்பட்டை வண்டி இந்தப் பிரிவில் வராது. 1986ஆம் ஆண்டு வாகனக் கட்டமைப்பு விதிகள், சாலையைத் தொடும் பட்டைப் பகுதி தட்டையாக, குறைந்தது 12.5 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்க வேண்டும், சாலையைக் கெடுக்கும் பழுது கூடாது என்கின்றன. ரப்பர் பேட் தேய்ந்த பட்டையோடு கிளம்புகிறவர் இதை மறக்கக் கூடாது. அளவுக்கு மீறிய எடையால் சாலை சேதமானால், 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி பழுதுச் செலவை வசூலிக்கவும் வழியுண்டு.

காப்பீடும் கட்டாயம் என்றால், “ராணுவம் ஓட்டவில்லையா?” என்று கேட்பார்கள். அரசுப் பணியிலுள்ள படை வண்டிகளுக்குக் காப்பீட்டில் தனி விலக்கு உண்டு. அதே வண்டி தனியார் கைக்கு வந்ததும் விலக்கு போய்விடும். “கொட்டகையிலிருந்து கண்காட்சித் திடல்வரைதானே” என்ற வாதமும் நிற்காது. காப்பீட்டுக் கடமைக்குத் தூரக் கணக்கு கிடையாது; சாலை மட்டுமல்ல, பொதுமக்கள் வந்துபோகும் இடமும் அதற்குள் அடங்கும். காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் உடனடி அபராதம் 300 பவுண்டு, உரிமத்தில் 6 புள்ளி; நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. வண்டியையும் போலீஸ் பறிமுதல் செய்யலாம். அதில் இயங்கும் இயந்திரத் துப்பாக்கி இருந்தால் விவகாரம் ஆயுதச் சட்டத்துக்கே போய்விடும்.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவுச் சான்று, ஆயுதம் செயலிழக்கச் செய்யப்பட்ட சான்றிதழ் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். பொதுச் சாலைக்கும் கண்காட்சித் திடலுக்கும் பாலிசி செல்லுமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். ‘எச்’ உரிமம் கைக்கு வரும்வரை டாங்கியை டிரெய்லரில் ஏற்றியே கொண்டுபோங்கள்.