மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள்

மணாலி இமாசலப் பிரதேசத்தில் உள்ளது. லே நகரம் லடாக்கில் உள்ளது. இடையே 400 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. கோடைக் காலத்தில் பலர் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். வழியில் மெக்கானிக் கடை அரிது. வண்டி நின்றால் குளிரில் தவிக்க வேண்டும்.

அதனால் வண்டியை முன்பே தயார் செய்கிறார்கள். கல் அடித்து என்ஜின் உடையாமல் இருக்க, அடியில் உலோகத் தகடு பொருத்துகிறார்கள். சேற்றில் வழுக்காமல் இருக்க, பட்டன் டயர் போடுகிறார்கள். ஆனால் பாரம் கூடினால் வண்டியைச் சமாளிப்பது கடினம். தேவையானதை மட்டும் பொருத்த வேண்டும்.

தினமும் என்ன செய்ய வேண்டும்? செயினில் புழுதி ஒட்டும். அதைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். குலுக்கலில் போல்ட்டுகள் தளரும். அவற்றை முடுக்க வேண்டும்.

வழியில் ஓடைகள் குறுக்கிடும். வெயிலில் பனி உருகும். பிற்பகலில் தண்ணீர் பெருகும். ஆகவே காலையிலேயே ஓடையைக் கடப்பது நல்லது.

என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து வண்டி நின்றால், உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. காற்று அமுங்கும். தண்ணீர் அமுங்காது. அதனால் உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இதற்குப் பிளக் ஸ்பேனர் தேவை. புறப்படும் முன்பே அதைப் பையில் வைக்க வேண்டும்.