எமன் வேஷமும் எந்திரன் வேஷமும் தையல் ஒன்றுதான்!

திருக்கடையூர்–

எமனையே காலால் உதைத்த ஊர் திருக்கடையூர். நாடக எமனுக்கு உடை தைத்த கைக்கு விண்வெளி மனிதன் உடை ஒரு கஷ்டமா? இல்லவே இல்லை!

கறுப்பு வெல்வெட், தோளில் விறைத்து நிற்கும் புஜகீர்த்தி, மார்பில் கவசம், முதுகில் புரளும் அங்கி. இது நம்ம ஊர் எமன். 1977-ல் வந்த "ஸ்டார் வார்ஸ்" படத்து டார்த் வேடரைப் பாருங்கள். அதே கறுப்பு, அதே கவசம், அதே அங்கி!

அந்தப் படத்துக்கு உடை அமைத்தவர் ஜான் மோலோ. ஆஸ்கார் வாங்கினார். அதே மோலோதான் பின்னால் "காந்தி" படத்துக்காக நம்ம பானு அத்தையாவுடன் சேர்ந்து 1983-ல் மறுபடி ஆஸ்கார் வாங்கினார். ராக்கெட்டுக்கும் ராட்டைக்கும் ஒரே ஆள்!

தமிழுக்கும் இது புதுசு இல்லை. வேற்றுக்கிரக மனிதன் கதையை எம்.ஜி.ஆர். 1963-லேயே "கலை அரசி"யில் காட்டிவிட்டார். 2010-ல் ரஜினியின் "எந்திரன்" வந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி என்றால் பையன்கள் கேட்பது "சிட்டி" வேஷம். இப்போது சந்திரயானும் சேர்ந்துகொண்டது. அம்மாக்கள் ஓடுவது டெய்லரிடம்தான்.

முதலில் காடா

எடுத்தவுடன் வெள்ளி ரெக்சினில் கத்தரி வைக்காதீர்கள். மலிவான காடாத் துணியில் ஒரு மாதிரி சட்டை தைத்துப் போட்டுப் பாருங்கள். கையைத் தூக்கச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள். அக்குளில் இழுத்தால் அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டு வையுங்கள். தப்பு எல்லாம் காடாவோடு போகட்டும்!

விண்வெளி உடை என்றதும் கண்ணில் படுவது கட்டம் கட்டமான பலகைகளும் கோடுகளும். இதை வெள்ளைக்காரனிடம் கற்க வேண்டியதில்லை. தேரில் தொங்கும் தொம்பையைப் பாருங்கள். கலர் துணியை வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, அடித்துணி மேல் வைத்துத் தைத்து, விளிம்பில் கயிறு ஓட்டுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பரம்பரையாக நடக்கிற வேலை. அதே வேலையை வெள்ளித் துணியில் செய்தால் எந்திர மனிதன் ரெடி.

பலகை உப்பலாகத் தெரிய வேண்டுமா? துணிக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்சு வைத்துக் கோடு கோடாக மெஷினை ஓட்டுங்கள். முழங்கைக்கும் முழங்காலுக்கும் இது ஆகாது. மடங்காது! அங்கே மட்டும் துணியைக் கூடுதலாக விட்டு, வளையம் வளையமாகச் சுருக்கி எலாஸ்டிக் வையுங்கள். நிஜ விண்வெளி உடையிலும் மூட்டுகள் துருத்தி மாதிரிதான் இருக்கும்.

குண்டூசி ஜாக்கிரதை!

ரெக்சினில் குண்டூசி குத்தினால் ஓட்டை ஓட்டைதான். மறையாது. துணி உலர்த்தும் கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். தையலைப் பெரிதாக வையுங்கள். பொடித் தையல் போட்டால் தபால்தலை கிழிகிற மாதிரி வரிசையாகக் கிழியும். மெஷின் கால் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் கொஞ்சம் பவுடர் தூவுங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.

குண்டூசி என்றதும் ஒரு சங்கதி. 1969-ல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் இறங்கினாரே, அவர் உடை 21 அடுக்கு. தைத்தது யார்? அமெரிக்காவில் டோவர் என்ற ஊரில் இருந்த கம்பெனியின் பெண்கள். பெண்களுக்கு உள்ளாடை தயாரித்துப் பேர் வாங்கிய கம்பெனி அது! சிங்கர் மெஷினில்தான் தைத்தார்கள். உள்ளே ஒரே ஒரு குண்டூசி தங்கினாலும் ரப்பர் பை ஓட்டையாகிக் காற்று போய்விடும், ஆளும் போய்விடுவார். அதனால் தைத்த உடைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.

விளக்குப் பக்கம் போகாதே

1967 ஜனவரி 27-ல் அப்பல்லோ-1 கலம் தரையிலேயே தீப்பிடித்து 3 வீரர்கள் மாண்டார்கள். அதன் பிறகு வெளி அடுக்குக்குக் கண்ணாடி இழைத் துணி வந்தது. அது எரியாது. நம்ம கடையில் கிடைக்கும் வெள்ளித் துணியோ பிளாஸ்டிக் சாதி. பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டும். மேடையில் குத்துவிளக்கு எரிகிறதா? பையனைத் தள்ளியே நிறுத்துங்கள்.

புழுக்கம் இன்னொரு ஆபத்து. ரெக்சினில் காற்று புகாது. உள்ளே பருத்தி லைனிங் கொடுங்கள். முதுகிலும் அக்குளிலும் ரெக்சினை வெட்டிவிட்டு வலைத்துணி வையுங்கள், அங்கியும் பலகையும் மறைத்துக்கொள்ளும். தலைக்கவசத்தில் மூக்கு, வாய்ப் பக்கம் தாராளமாகத் திறப்பு இருக்கட்டும். தன் முறை வரும்வரை கவசத்தைக் கையில் வைத்திருந்தால் போதும்.

ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முதுகில் ஜிப் வைத்து ஒரே உடையாகத் தைத்தால் பார்க்க ஜோர்தான். ஆனால் பையன் "ஒண்ணுக்கு வருதும்மா" என்றால் என்ன செய்வீர்கள்? சட்டையையும் கால்சட்டையையும் தனித்தனியாகத் தைத்து, இடுப்பில் அகலமான பெல்ட்டைப் போட்டு இணைப்பை மறையுங்கள்.