வாவிக்கரை வேலைத்தளம் – 14: வெள்ளத்தைக் காணவில்லை

படுவான்கரைக் கோயிலின் இணையத்தளத்தைப் புதுப்பிக்க ஒப்புக்கொண்டதும், முற்பணப் பேச்சு ஒரு தேத்தண்ணியோடு முடிந்துபோனதும் போன வாரக் கதை. இந்த வாரம் ‘விலை சொல்வது எப்படி’ என்று எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இடையில் பாமினி வந்து குந்திக்கொண்டாள்.

பாமினி யாரென்று இலங்கையில் தமிழ் அடித்துப் பழகிய எவரும் கேட்கமாட்டார். கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், பாடசாலை வினாத்தாள், சங்கக் கடிதத்தலைப்பு என்று எதை எடுத்தாலும் அந்த எழுத்துருவின் கை பட்டிருக்கும். கோயில் நிர்வாகியான வண்ணக்கர் என்னிடம் ஒரு பென் டிரைவைத் தந்தபோது சொன்னதும் அதைத்தான்.

“எல்லாம் ரெடி மகன். கும்பாபிஷேக மலர் முழுக்க இதுக்குள்ள கிடக்கு. பாமினியில அடிச்சது. மறுகா என்ன, ஏத்தி விடுறதுதானே?”

“ஓம் ஐயா” என்றேன். வேறென்ன சொல்வது?

கல்லடிக்குத் திரும்பி, பாமினி இல்லாத புது லெப்டொப்பில் அந்தக் கோப்பைத் திறந்தேன். தமிழ் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அட்டைபோல வரிசை வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. பழகிய கண்ணுக்கு அவற்றுக்குள்ளும் ஊர் தெரியும். கே, எல், அரைப்புள்ளி, எல், எஃப், அரைப்புள்ளி, எஃப், எஸ், ஜீ, அரைப்புள்ளி, பெரிய ஜீ என்றால் மட்டக்களப்பு. பாமினியில் ‘இ’ எழுத்து கால்புள்ளி விசையில் இருக்கிறது. ஆகவே இலங்கை என்று அடித்தால் நாட்டின் பெயர் ஒரு கால்புள்ளியில்தான் தொடங்கும். இரவு முழுக்க இதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் காரணம் கேட்டார்கள், சொன்னேன், அவர்கள் சிரிக்கவில்லை.

பாமினி தமிழைச் சேமிப்பதில்லை, அதுதான் விஷயம். கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. ‘எஃப்’ வரவேண்டிய இடத்தில் ‘க’ என்ற படத்தை வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. எழுத்துரு இருக்கும் மெசினில் அது தமிழ். இல்லாத மெசினில் வெறும் கிறுக்கல். 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ்த் தளங்கள் வாசலிலேயே ‘முதலில் எழுத்துருவைத் தரவிறக்குங்கள்’ என்று மறித்தது இதனால்தான். மைக்ரோசொப்ட் 1997இல் விட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப ஒரு வழி செய்தது. நெட்ஸ்கேப் அதற்கு வேறொரு வழி வைத்திருந்தது. இரண்டுக்கும் ஒத்துவராது, தளம் செய்தவர்கள் இரண்டையும் கட்டி அழுதார்கள்.

இப்போது கோயில் தளத்தைப் பார்ப்பவர்கள் போனில் பார்க்கிறார்கள். சூரிச்சில் இருக்கும் ஊர்ப்பிள்ளை கொடியேற்றம் எப்போதென்று பார்க்கப் போனில் எழுத்துரு நிறுவப் போவதில்லை. தேடுபொறிக்கும் அந்தப் பக்கத்தில் தெரிவது கால்புள்ளிகள்தான். ஆகவே எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றியே ஆகவேண்டும். ஒருங்குறி என்ற யுனிகோடின் முதற் பதிப்பே 1991இல் தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கிவிட்டது. அங்கே ‘க’ என்றால் ‘க’தான், எந்த எழுத்துருவில் பார்த்தாலும்.

மாற்றுவதற்கு மாற்றி இருக்கிறது, ஒட்டி, அழுத்தி, எடுத்தால் முடிந்தது என்று நினைப்பீர்கள். இங்கேதான் நான் இந்த வாரம் முழுவதையும் தொலைத்தேன். சந்தோசமாகத் தொலைத்தேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

‘கை’ என்று எழுதும்போது ஐகாரக் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது. பாமினியில் அதை முதலில் அடித்து, பிறகு ‘க’ அடிக்கவேண்டும். இந்தப் பழக்கம் கணினிக்கும் மூத்தது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூர் போய் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைப்பலகை வகுத்து, ஜெர்மனியின் சைடல் அன்ட் நௌமன் கம்பனியிடம் மெசின் செய்வித்தார். இரும்புக்கும் மைக்கும் இலக்கணம் தெரியாது. கடதாசியில் இடப்பக்கம் எது வருமோ அதை முதலில் அடிக்கவேண்டும், அவ்வளவுதான். பழைய தட்டச்சில் பழகிய விரல்கள் கணினிக்கு வந்தபோது இந்த ஒழுங்கையும் கூட்டிக்கொண்டே வந்தன. ஒருங்குறியோ மெய்யை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் வைக்கிறது. ஆகவே மாற்றி ஒவ்வொரு கொம்பையும் தூக்கி மறுபக்கம் வைக்கவேண்டும்.

அது சின்ன வேலை. பெரிய வேலை ‘ஔ’காரத்தில் இருக்கிறது. பாமினியில் ‘கௌ’ அடிப்பது எப்படி? ஒற்றைக் கொம்பு, ‘க’, பிறகு ‘ள’. ஔகாரத்தின் வால் ‘ள’ போலவே இருப்பதால் அதற்கென்று தனி விசை வேண்டியிருக்கவில்லை. மாற்றி எழுதியவர்கள் ‘கொம்பு, மெய், ள’ என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் ஔகாரம் என்று வைத்தார்கள். கௌரி சரியாக வந்தாள். ஆனால் ‘வெள்ளம்’ என்பதிலும் கொம்பு, வ, ள என்ற மூன்றும் அதே ஒழுங்கில் நிற்கின்றனவே! மாற்றி அதையும் ‘வௌ’ ஆக்கிவிட்டு, மிஞ்சிய புள்ளியை அதன் தலையில் வைத்துவிடுகிறது.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். இலங்கைத் தமிழ்ச் செய்தித் தளங்களில் ‘வெளிநாடு’, ‘வெளியீடு’, ‘வெள்ளிக்கிழமை’ எல்லாம் ஏதோ நசுங்கினமாதிரி, சில போன்களில் நடுவில் ஒரு புள்ளிவட்டத்தோடு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். நான் இத்தனை காலமும் அதை எழுத்துருக் கோளாறு என்று விட்டுவிட்டிருந்தேன். அது எழுத்துருவே இல்லை. அந்த மாற்றி போட்ட முடிச்சு.

கண்ணுக்கு ஓரளவு ‘வெள்ளம்’ என்றே தெரியும். மெசினுக்கு அது வேறு சொல். மாற்றிய மலரில் ‘வெள்ளம்’ என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மாரி வந்தால் வாவி ஏறிப் பாதை மூடும் படுவான்கரையின் கோயில் மலரில் வெள்ளம் இல்லாமலா? வெள்ள நிவாரணம் கொடுத்த பட்டியல், வெள்ளத்தில் கரைந்த மடப்பள்ளிச் சுவர், எல்லாம் உள்ளே இருந்தன. தேடலுக்குத்தான் அகப்படவில்லை. ஊர் வரலாற்றுக் கட்டுரையில் வாவி மீன்களின் பெயர் சொல்லும் ஒரு பந்தி இருக்கிறது. செல்வன், மணலை, ஓரா, திரளி எல்லாம் உயிரோடு வந்து சேர்ந்தன. கெளிறு மட்டும் ஔகாரத்தில் மாட்டித் துடித்துக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து யோசிக்கும்போதுதான் பாண் ஓட்டோ வந்தது. பீத்தோவன் எலீசுக்கு எழுதிய மெட்டு எங்கள் ஒழுங்கைக்குள் பின்னேரமானால் கரகரத்துக்கொண்டு வரும். உலகத்தில் வேறெங்கும் அந்த இசைக்கு மாலுபணிஸ் வாசம் இருக்காது. பணிஸ் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டு மாமி பிடித்துக்கொண்டா. மகளுக்குப் பரீட்சை முடிவு வந்திருக்காம்; இணையத்தில் பார்த்துச் சொல்லவேண்டுமாம். வீட்டில் இருந்து லெப்டொப்பில் வேலை செய்பவனை இந்த ஊர் வேலை செய்பவனாக எடுப்பதில்லை. “நீ சும்மாதானே மனே இருக்கிறாய்?” பிள்ளை பாஸ். அந்தச் சந்தோசத்தில் ஒரு தேத்தண்ணி. மறுகாத்தான் கதிரைக்கு வந்தேன்.

வேலையை மறிப்பவற்றில் மின்சாரத்தையும் சொல்லவேண்டும். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முழு இலங்கையும் இருண்டது நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அன்றைக்கு வேலை ஒப்படைக்கவேண்டிய வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘குரங்கால் தாமதம்’ என்று எழுத ஒரு சுயதொழில்காரனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும், யோசித்துப் பாருங்கள். கிடைக்கும் சாட்டுகளில் உண்மையானவற்றைத்தான் ஒருவரும் நம்புவதில்லை.

மருந்துக்கு வருவோம். ஔகாரக் குறிக்குப் பின்னால் தமிழில் புள்ளியோ, விசிறியோ, கொம்போ வரவே முடியாது. ‘கௌ’ முடிந்தால் முடிந்ததுதான். அதன்மேல் இன்னொரு குறி ஏறாது. அப்படி ஏறியிருந்தால் அது ஔகாரமில்லை, ‘எ’கரமும் ‘ள’வும். இந்த ஒரு விதியை எழுதி மலர் முழுவதற்கும் ஓடவிட்டேன். வெள்ளம் வந்தது, வெள்ளி வந்தது, தெளிவு வந்தது, கெளிறு நீந்திப் போனது. கௌரியும் பௌர்ணமியும் கலையாமல் இருந்த இடத்திலேயே இருந்தன.

விதிக்கு அடங்காத ஒன்று மிஞ்சியது. மலரில் ஒரு கூத்து அண்ணாவியாரின் நேர்காணலை அவர் பேசினபடியே அடித்திருக்கிறார்கள். வரிக்கு வரி “வெளங்குதா?” என்று கேட்கிறார் மனிதர். அதில் ‘ள’வுக்குப் பின் குறி ஒன்றும் இல்லை. இந்த விதியால் அதை ‘வௌவால்’ என்பதிலிருந்து பிரிக்க ஏலாது. மனிசன் குந்தியிருந்து வாசித்துத்தான் திருத்தவேண்டும். வாசித்தேன். வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டை இலவசமாகக் கற்றுக்கொண்டேன்.

இவ்வளவும் செய்து வண்ணக்கருக்கு மாதிரிப் பக்கத்தைக் காட்டினேன். அவர் பார்த்தது மூன்று விசயம். மேலே ஓடும் எழுத்து ஏன் இல்லை? கோபுரப் படத்துக்குப் பின்னால் மினுங்குகிற வெளிச்சம் ஏன் இல்லை? பக்கம் திறந்ததும் மணி ஏன் அடிக்கவில்லை? கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னிடம் நியாயமான பதில் இருந்தது. 2018 ஏப்ரலில் வந்த குரோம் 66இலிருந்து, பார்ப்பவர் தொடாமல் பக்கம் தானாகச் சத்தம் போடுவதை உலாவி மறித்துவிடுகிறது. “அப்ப கூகிள்காரன் மணி அடிக்கவும் விடமாட்டானா?” என்றார். “ஆக்கள் தொட்டால் அடிக்கும் ஐயா” என்றேன். யோசித்தார். “கோயில்லயும் அப்பிடித்தானே” என்று ஒப்புக்கொண்டார்.

வெள்ளத்தை மீட்டதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார். பக்கத்தில் தமிழ் தமிழாகத் தெரிகிறது, அதில் பார்க்க என்ன இருக்கிறது? புதுப்பிப்பு என்றால் நிறம், படம், ஓடும் எழுத்து என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்து வேலையில் பாதிக்கு மேல் பழைய எழுத்தை மெசினுக்கும் எழுத்தாக்குவது. அது சரியாக நடந்தால் கண்ணுக்கே தெரியாது. தெரியாத வேலைக்கு விலைப்பட்டியலில் என்ன பெயர் போடுவது, எவ்வளவு போடுவது என்பதுதான் நான் இந்த வாரம் எழுத வந்தது.

அதற்குள் உங்களுக்கு ஒரு வீட்டுவேலை. உங்கள் சங்கத்துக்கோ பாடசாலைக்கோ தமிழில் தளம் இருந்தால், அதற்குள் போய் ‘வெளியீடு’ என்று தேடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் சங்கம் ஒன்றும் வெளியிடவில்லை என்று தலைவரோடு சண்டைக்குப் போகவேண்டாம். ஔகாரத்தைப் பிடியுங்கள்.

அடுத்த வாரம் காசுக் கதை. ஆனால் வண்ணக்கர் வாசல்வரை வந்து கேட்ட ஒரு கேள்வி கிடக்கிறது: “இந்த எட்ரஸ் ஏன் மகன் இங்கிலிசில? தமிழில வராதா?” வரும். ‘.இலங்கை’ என்ற முடிவோடு முகவரி எடுக்க 2010இலேயே வழி திறந்துவிட்டது. அதை ஒரே ஒரு பந்தியில் சொல்லிவிட்டுக் காசுக்குப் போய்விடுகிறேன். ஆசிரியர் இந்த வரியை வெட்டாதிருக்கக் கடவது.

(தொடரும்)