தண்ணீர் நிறைந்த ஏவுகணைக் கிணறு: இறைப்பது சுலபம், அப்புறம்?

கைவிடப்பட்ட ஏவுகணைத் தளங்களை விலைக்கு வாங்கி வீடாக மாற்றுகிறவர்களின் வீடியோக்கள் யூடியூபில் எக்கச்சக்கம். துருப்பிடித்த இரும்புக் கதவு, டார்ச் வெளிச்சம், கீழே கன்னங்கரேலென்று தண்ணீர். அடுத்த காட்சியில் ஒரு பம்பு வந்து இறங்கும். இறைச்சு முடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி ஒரு உற்சாகம். நான் பி.இ. சிவில் படித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் குப்பை கொட்டுகிறவன். அந்த ஊர் கிணறுகளை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அளவுகள் பொதுவெளியில் கிடைக்கின்றன, அதனால் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வந்த விடை வீடியோக்காரர்கள் காட்டுவதற்கு ஏறக்குறைய நேர் எதிர்.

முதலில் எந்தக் கிணறு என்று சொல்லிவிடுகிறேன். அட்லஸ் என்பது அமெரிக்காவின் முதல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. அதன் எஃப் ரகத்தை நிலத்துக்கடியில் செங்குத்தாக நிறுத்தி வைக்க 72 சைலோக்கள் தோண்டினார்கள், ஆறு விமானப்படைத் தளங்களைச் சுற்றி ஆளுக்குப் பன்னிரண்டாக. சைலோ என்றால் வேறொன்றுமில்லை, கான்கிரீட் உறை போட்ட ஒரு ராட்சசக் கிணறு. ஆழம் 174 அடி, விட்டம் 52 அடி. உள்ளே பல தளங்கள் கொண்ட ஒரு எஃகுச் சட்டகம், பெரிய பெரிய ஸ்பிரிங்குகளில் தொங்கும். பக்கத்தில் குண்டு விழுந்தாலும் ஏவுகணைக்கு அதிர்ச்சி போகக்கூடாது என்பதற்காக. கொஞ்சம் தள்ளி, ஆழம் குறைவாக, இரண்டு மாடிக் கட்டுப்பாட்டு அறை. அங்கே 5 பேர் கொண்ட குழு. அறையையும் கிணற்றையும் ஒரு சுரங்கப்பாதை இணைக்கும்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டியது 1962-ல் பணிக்கு வந்து 1965-ல் ஓய்வு பெற்றது. மூணே வருஷம்! ஏவும் நேரத்தில்தான் திரவ ஆக்சிஜனை நிரப்ப வேண்டும், அப்புறம் லிஃப்டில் மேலே தூக்க வேண்டும். திட எரிபொருளில் உடனே கிளம்பும் மினிட்மேன் வந்ததும் இதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. எரிபொருள் நிரப்பும் ஒத்திகையிலேயே நான்கு கிணறுகள் வெடித்துச் சிதறின என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் பக்கம் மூன்று, ஓக்லஹோமாவில் ஒன்று.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? மழை என்று பலர் நினைக்கிறார்கள். மழை கொஞ்சம்தான். பல இடங்களில் கிணற்றின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருக்கிறது. ஏவுகணை இருந்த நாளிலும் கசிவு இருந்தது. அடியில் ஒரு குழியில் சேரும் தண்ணீரை மோட்டார் இறைத்துக்கொண்டே இருந்தது. அதாவது, காய்ந்த கிணறு என்பது கான்கிரீட் மட்டும் தந்த பலன் இல்லை. மின்சாரமும் மோட்டாரும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் சேர்ந்து தந்த பலன். 1965-ல் ஆளும் போனார்கள், மின்சாரமும் போனது. பழைய இரும்பு எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் வந்து கழற்ற முடிந்ததைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தண்ணீர் தன் மட்டத்துக்கு ஏறி நின்றுகொண்டது.

இப்போது கணக்கு. டெக்சாஸ் மாநிலத்தில் அபிலீன் அருகே வல்ஹாலா என்ற பெயரில் ஸ்கூபா டைவர்கள் இறங்கும் ஒரு அட்லஸ்-எஃப் கிணறு இருக்கிறது. அதில் தண்ணீர் சுமார் 130 அடி, அதாவது 40 மீட்டர். 52 அடி விட்டத்துக்கு இது ஏறத்தாழ 78 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 650 லோடு.

மலைப்பாக இருக்கிறதா? இறைக்க ஆகும் மின்சாரத்தைப் பாருங்கள். மேலே பம்பை வைத்து உறிஞ்ச முடியாது. உறிஞ்சும் பம்பு எதுவாக இருந்தாலும் நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்காது, வளிமண்டல அழுத்தம் அவ்வளவுதான். ஆகவே சப்மெர்சிபிள் மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே இறக்க வேண்டும். மட்டம் குறையக் குறைய அதையும் கீழே இறக்கிக்கொண்டே போக வேண்டும். தொடக்கத்தில் சுமார் 13 மீட்டர் ஏற்றினால் போதும், கடைசிச் சொட்டை 53 மீட்டர் ஏற்ற வேண்டும். சராசரி 33 மீட்டர். மோட்டாரின் திறன் பாதிதான் என்று வைத்தாலும் மொத்தம் சுமார் 1,400 யூனிட்டில் முடிந்துவிடுகிறது. ஆயிரத்து நானூறு யூனிட்! கோடையில் ஏசி ஓடும் ஒரு வீட்டின் இரண்டு மூன்று மாதச் செலவு. எனக்கே நம்பிக்கை வராமல் இரண்டு தடவை போட்டேன்.

கசிவுக்கும் ஒரு கணக்கு போடலாம். நிமிஷத்துக்கு 10 லிட்டர் உள்ளே வருவதாக ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நாளைக்கு 14,400 லிட்டர். அதை மேலே தள்ள சுமார் 4 யூனிட்தான் ஆகும். இதுவும் சல்லிசுதான். ஆனால் மோட்டார் நின்றால் மட்டம் நாளைக்கு 7 சென்டிமீட்டர் ஏறும். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் அரை மீட்டர். ஒன்றரை வருஷத்தில் பழைய மட்டத்துக்கு வந்துவிடும் (மட்டம் ஏற ஏறக் கசிவு குறையும் என்பதால் கடைசிப் பகுதி இன்னும் மெதுவாக நிரம்பும்). சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இது புரியும். சர்வரைக் கட்டுவது ஒரு வார வேலை, அதைத் தூங்காமல் பார்த்துக்கொள்வது ஆயுள் வேலை. இங்கே இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால், ஓடுவதற்கு அந்த வீட்டுக்காரரைத் தவிர வேறு ஆளில்லை. அவருக்கு எழுபது வயசானால் யார் ஓடுவார்கள் என்று எந்த வீடியோவும் பேசுவதில்லை.

சுவர் தாங்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. கிணற்றைக் காலி செய்ததும் வெளியே இருக்கும் நிலத்தடி நீர், அடித்தளத்தைச் சதுர மீட்டருக்கு 40 டன் வீதம் மேல்நோக்கித் தள்ளும். மொத்தமாக ஏறக்குறைய 7,800 டன். நீங்கள் வெளியே எடுத்த தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவு. வட்டச் சுவருக்குப் பிரச்சினை இல்லை. எல்லாப் பக்கமும் சமமாக அமுங்கும் வட்டம் கான்கிரீட்டுக்கு ரொம்பப் பிடித்த வேலை, நம் உறைகிணறுகள் நிற்பதும் அப்படித்தான். அடித்தளத்தில்தான் கண் இருக்க வேண்டும். அதனால் அவசரப்படாமல் மெதுவாக இறைப்பது நல்லது. சுற்றியுள்ள நீர்மட்டமும் கூடவே கொஞ்சம் இறங்க அவகாசம் கிடைக்கும்.

உள்ளே இருக்கும் எஃகு வேறு கதை. ஆழத்தில், அசையாத, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் இரும்பு மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். தண்ணீரை எடுத்துவிட்டால் ஈரக்காற்று. துரு வேகம் பிடிக்கும். மிதப்பு விசை போய்விடுவதால் தண்ணீருக்குள் 87 கிலோவாகத் தொங்கிய இரும்பு இப்போது 100 கிலோவாகத் தொங்கும். அறுபது வருஷம் ஊறிய போல்ட்டுகளின் மேல் இது ஏறும். அந்த நேரத்தில் அடியில் நின்று சேறு வாருவது நிஜமான ஆபத்து. துருப்பிடிக்கும் இரும்பு காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் தின்னும். சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் இருக்க வேண்டும், 19.5-க்குக் கீழே போனாலே ஆக்சிஜன் குறைவு என்று கணக்கு. கிணற்றில் தூர் வாரப் போய் மூச்சு முட்டிச் செத்தவர்களின் செய்தியைப் படித்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. காற்றை அளக்கும் கருவி இல்லாமல், மேலே ஒரு ஆள் கயிற்றோடு இல்லாமல், யாரும் இறங்கக்கூடாது.

இதையெல்லாம் காசும் கவனமும் இருந்தால் சமாளிக்கலாம். என்னை உறுத்துவது வேறு ஒன்று: இறைத்த தண்ணீரை எங்கே விடுவது?

திரவ ஆக்சிஜன் போகும் குழாயில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் தீப்பற்றும். அதனால் அவற்றை ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானால் கழுவினார்கள். டிசிஇ என்பார்கள், புற்றுநோயோடு தொடர்புள்ள பொருள். கழுவியது மண்ணில் இறங்கியது. நெப்ராஸ்கா, வயோமிங் மாநிலங்களில் பழைய அட்லஸ் தளங்களைச் சுற்றி நிலத்தடி நீரில் டிசிஇ கலந்திருப்பதை ராணுவப் பொறியாளர் படை இன்றும் கண்காணித்துச் சுத்தம் செய்கிறது. குடிநீரில் அமெரிக்க அரசு அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் மட்டுமே. டிசிஇ தண்ணீரை விடக் கனமானது, கீழே போய் உட்காரும். ஆக, மேலே தெளிவாக இருக்கிறது என்று ஒரு பாட்டில் எடுத்துச் சோதித்துவிட்டு மொத்தத்தையும் பக்கத்து ஓடையில் விட்டால், கடைசியில் வரும் தண்ணீர்தான் மோசமானதாக இருக்கும். கிணற்றைத் தொடர்ந்து இறைக்கும்போது சுற்றியுள்ள நீர் அதை நோக்கி நகரும், கூடவே பக்கத்து வயலுக்கடியில் இருக்கும் டிசிஇயும். வாங்கியவர் தன் பணத்தைப் பணயம் வைக்கிறார், சரி. பக்கத்துப் பண்ணைக்காரரின் போர்வெல்லை யார் கேட்டு வைத்தார்கள்? ஆகவே பல ஆழங்களில் மாதிரி எடுத்து, முடிவு வந்து, மாநில அரசின் அனுமதி வாங்கிய பிறகுதான் முதல் வாளி என்பது என் கருத்து.

கான்சாஸில் ஒரு அட்லஸ்-எஃப் கிணற்றை சர்வைவல் காண்டோ என்ற 15 தளக் குடியிருப்பாக மாற்றியிருக்கிறார்கள். விற்பனைக்கு வீடுகளும் பராமரிக்க ஆட்களும் உள்ள தொழில் அது. தனி ஆளாக வாங்குகிற பலர் வேறு வழியில் போகிறார்கள். ஆழம் குறைந்த கட்டுப்பாட்டு அறையை மட்டும் காயவைத்து, துருவைச் சுரண்டி, வண்ணமடித்து, அங்கே குடியேறுகிறார்கள். சுரங்கப்பாதை முனையில் ஒரு கதவு, அதற்கப்பால் கிணறு அப்படியே தண்ணீரோடு. தோல்வி மாதிரி தெரியும், ஆனால் எனக்கு அதுதான் சரியான பொறியியலாகப் படுகிறது. உள்ளே நிற்கும் தண்ணீர் அடித்தளத்தை அமுக்கிப் பிடிக்கிறது, இரும்பை மெதுவாகத் துருப்பிடிக்க விடுகிறது, கரைப்பானைக் கலக்காமல் வைத்திருக்கிறது. மோட்டார் நின்றாலும் வீடு நனையாது.